உலக உருண்டை வரைந்த சுவர்

கருத்தப்பாறையில் மாவு மில்லுக்கு மேலே ஒரு குரு இருந்தார்.

குரு என்றால் தாடி இல்லை, காவி இல்லை. பெயர் சீனியம்மாள். வயது முப்பத்தொன்று. உதவித்தொகை கிடைத்துக் கடல் தாண்டிப் போய்க் கல்வியியல் படித்துவிட்டு, ஒருநாள் ஒற்றைப் பையோடு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கியவர். "அம்புட்டுத் தூரம் போயிப் படிச்சிட்டு, கடைசில மில்லுத் தூசிக்குள்ள வந்து உக்காந்திருக்கு பாரு" என்று ஊர் சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார்.

வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள் மில் மாடிக்கு வருவார்கள். கேள்வி கேட்பார்கள். பதில் வாங்கிக்கொண்டு போனவர்கள் குறைவு. ஆனாலும் வந்தார்கள். அவர்களில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் அவருக்கு ஊரில் தகப்பன்சாமி என்று ஒரு பட்டப்பெயரும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முத்துப்பேச்சி படியேறி வந்தாள். ஏறிய சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"எக்கா, உலகக் கல்வின்னா என்ன?"

சீனியம்மாள் ஜன்னல் கம்பியில் படிந்திருந்த மாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமக் கேக்கியா, கோவமாக் கேக்கியா?"

"கோவமாத்தான்."

"அப்ப உக்காரு. நேரமாகும்."

பேச்சி உட்கார்ந்தாள். கழுத்தில் பள்ளிக்கூட அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தில் இருக்கிற சர்வதேசப் பள்ளியில் அவள் சமூக சேவை ஒருங்கிணைப்பாளர். அங்கே யாருக்கும் முத்துப்பேச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. 'மிஸ் எம்' என்று சுருக்கிவிட்டார்கள். அவளுடைய அம்மாவுக்கு அது பெருமையாக இருந்தது. "எம் மகளுக்கு இங்கிலீசுல பேரு வச்சிருக்காங்க" என்று தண்ணிக் குழாயடியில் சொல்லுவாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பதினோராம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு ஏதாவது சேவை செய்திருக்க வேண்டும். செய்ததற்குப் படம் வேண்டும். செய்ததிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று எழுத வேண்டும். அப்போதுதான் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற அந்தச் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அவர்கள் உலகத்தின் எந்த மூலைக்கும் போகலாம்.

சேவை செய்ய அவர்கள் வந்தது பேச்சியின் தெருவுக்கு. கீழத்தெரு அங்கன்வாடியின் வெளிச்சுவரில் வருஷா வருஷம் ஓர் உலக உருண்டை வரைவார்கள். அதைச் சுற்றிப் பல நிறத்துப் பிள்ளைகள் கைகோத்து நிற்பார்கள். அடுத்த வருஷம் அடுத்த வகுப்பு வரும். அவர்களுக்கும் சேவை வேண்டுமே. போன வருஷத்து உலகத்தின்மேல் வெள்ளையடித்துவிட்டு, அதே உலகத்தை மறுபடியும் வரைவார்கள். வரைகிற வாரம் முழுக்க அங்கன்வாடிக் குழந்தைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். சோறும் அங்கேயே.

"அந்த உருண்டைல நம்ம ஊரு எங்கட்டி இருக்கு?" என்று பேச்சிக்கு அண்ணி முறையாகும் செல்லக்கனி மைனி ஒரு தடவை கேட்டாள்.

"நம்ம நாடு வர்ற எடத்துல ஜன்னல் வந்திருச்சு மைனி."

"நல்லவேளை. காத்தாவது வரும்."

சுவர் அப்படி. உள்ளே வேறு கதை. மேற்கூரையில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தொங்கியது. ஆடி மாசத்தில் ஒரு கட்டி விழுந்து சுண்டல் சட்டி உடைந்தது. பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்திருந்ததால் தப்பித்தார்கள். அதற்கப்புறம் டீச்சர் எல்லாரையும் ஒரே மூலையில் நெருக்கி உட்கார வைத்தாள். பெற்றவர்கள் நடையாய் நடந்து, கடைசியில் இடித்துக் கட்ட உத்தரவு வந்தது. மழைக்கு முன்னால் இடித்துவிட வேண்டும் என்று பஞ்சாயத்துத் தலைவர் வருகிற திங்கட்கிழமைக்கு ஜேசிபி சொல்லி வைத்திருந்தார்.

"அதுக்கு என்ன இப்போ? நல்ல விஷயந்தானே?" என்றார் சீனியம்மாள்.

"மூணு வாரம் தள்ளிப்போடச் சொல்லுதாங்கக்கா."

"யாரு?"

"ஸ்கூல்ல. வெளிநாட்டுல இருந்து ஆளு வருதாம், பிள்ளைங்க செஞ்ச சேவையைப் பாக்குறதுக்கு. அதுக்குள்ள படம் வரையணும். வரையச் சுவரு வேணும். சுவரு நிக்கணும்னா கட்டடம் நிக்கணும்."

சீனியம்மாள் துணியை உதறினார்.

"மழை வரப்போகுது. கம்பி தொங்குது. உள்ள பிள்ளைங்க இருக்கு. இவங்களுக்குப் படம் வரையச் சுவரு வேணுமாம். இதுக்குப் பேரு உலகக் கல்வியாம். போன மாசம் ஒரு வகுப்புல, எங்கயோ ஒரு தேசத்துல பள்ளிக்கூடம் இடிஞ்சு விழுந்ததப் பத்திப் பாடம் நடத்துனாங்க. பிள்ளைங்க அழுதுச்சு. நெசமாவே அழுதுச்சுக்கா. மெழுகுவர்த்தி கொளுத்தி வச்சாங்க. நம்ம தெரு அங்கருந்து கூப்பிடு தூரம். கூப்பிட்டாக் கேக்கும். ஆனா யாரும் கேக்கல."

"தலைவர் என்ன சொல்லுதாரு?"

"அவரு கெட்டிக்காரரு. ஸ்கூலையும் பகைச்சுக்கிட மாட்டாரு, தெருவையும் பகைச்சுக்கிட மாட்டாரு. 'நம்ம பேச்சி அங்கதான வேலை பாக்கு. அவ தெருப் பிள்ளை. அவ வந்து தள்ளிப்போடலாம்னு சொன்னா தள்ளிப்போடுதேன்' அப்படின்னுட்டாரு."

"ஸ்கூல்ல உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

"பிரின்சிபால் கூப்பிட்டு, 'நீங்க சொன்னா உங்க ஜனங்க கேப்பாங்க, மிஸ் எம்' அப்படின்னாரு. இந்த வேலை நல்லபடியா முடிஞ்சா என்னைய ஆறு மாசம் இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்புதாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

பேச்சி கழுத்து அட்டையைத் திருப்பினாள். திருப்பிய பக்கத்தில் எதுவும் இல்லை.

"யோசிச்சுச் சொல்லுதேன்னு சொன்னேன்."

சீனியம்மாள் துணியை மடித்து ஜன்னல் திட்டில் வைத்தார்.

"அப்பா தென்காசி பஜார்ல போயி ஸ்வெட்டர் வாங்கிட்டு வந்துட்டாருக்கா. எங்கிட்டக் கேக்கவே இல்ல. அம்மா தெரு பூரா சொல்லிட்டா. நான் என்ன செய்ய? நீங்க போயிட்டு வந்துட்டீங்க. உங்களுக்குச் சுளுவு."

"ஆமா. எனக்குச் சுளுவுதான்."

அப்படி ஒத்துக்கொண்டது பேச்சிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட வந்த இடத்தில் கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கக்கா."

"போன வருஷம் அவங்க மிச்சம் போட்டுட்டுப் போன பெயிண்ட் டப்பா கெடக்கா?"

"அங்கன்வாடிக்குப் பின்னால கெடக்கு. நீலம் மட்டுந்தான் மிச்சம். எதுக்கு?"

"நாளைக்கு உனக்கு ஸ்கூல் உண்டா?"

"உண்டு. சனிக்கிழமைதான் சேவை வகுப்பே."

"அப்ப போயித் தூங்கு" என்றார் சீனியம்மாள்.

மறுநாள் காலையில் பேச்சி பள்ளி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் பெரிய காகிதங்களில் உலக உருண்டை வரைந்து பழகிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் வேகமாக வந்தார்.

"மேடம், உங்க ஆளுங்க வந்திருக்காங்க."

உங்க ஆளுங்க என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. போய்ப் பார்த்தாள்.

கேட்டுக்கு வெளியே கீழத்தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். செல்லக்கனி மைனியின் இடுப்பில் அவளுடைய மகன் மகிழன். முன்னால் நீலப் பெயிண்ட் டப்பாவும் ஒரு குச்சியுமாக சீனியம்மாள்.

"என்னக்கா இது?"

"நீ உள்ள நிக்க. நாங்க யாருன்னு முறைப்படி கேளு."

பேச்சி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"யாரு நீங்க? என்ன வேணும்?"

"கீழத்தெருவுல இருந்து வாரோம் மேடம். சமூக சேவை செய்யணும். உங்க காம்பவுண்டுச் சுவர்ல படம் வரைஞ்சு தாரோம்."

வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் பிரின்சிபாலே வந்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அதட்டிப் பேசியதில்லை. கீழத்தெருக்காரர்களுக்கும் கைகூப்பி வணக்கம் சொல்லுவார்.

"வாங்க, வணக்கம். என்ன விஷயம்?"

பேச்சி சொன்னாள்.

"எங்க சுவர் நல்லாத்தானே இருக்கு? போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சோம்" என்றார் அவர்.

"சுவரு நல்லா இருக்கா இல்லையாங்கிறது முக்கியமில்ல சார்" என்றார் சீனியம்மாள். "எங்களுக்கு ஒரு சுவரு வேணும்."

"ஒரே வாரம்" என்றாள் செல்லக்கனி. "அது வரைக்கும் உங்க பிள்ளைங்கள மரத்தடியில உக்கார வச்சிருங்க. எறும்பு இருக்கும், கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"சோத்தையும் அங்கயே போட்டுருங்க" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "நாங்க அப்படித்தான் போடுதோம்."

"முடிஞ்சதும் போட்டோ எடுக்கணும் சார். நீங்க நடுவுல நில்லுங்க. நாங்க உங்க தோள்ல கை போட்டுக்கிடுவோம். மொகத்த மட்டும் கொஞ்சம் பாவமா வச்சுக்கிடுங்க" என்றாள் இன்னொருத்தி.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பிரின்சிபாலும் சிரித்தார். முதலில் முகம் சிவந்தது, அப்புறம்தான் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நன்றாகவே இருந்தது.

"புரியுது, புரியுது. அருமையான யோசனை. நாங்க அங்க வர்றோம், நீங்க இங்க வர்றீங்க. இதையே ஒரு பரிமாற்ற நிகழ்ச்சியாச் செஞ்சிடலாம். வர்றவங்களுக்கும் காட்டலாம். கேட்டைத் திறங்க. மிஸ் எம், கேமராவைக் கொண்டுவரச் சொல்லுங்க."

பேச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர்களை எதைக் கொண்டு அடித்தாலும் அதை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள் என்று தோன்றியது. கேமராவை எடுக்க அவள் நகரவில்லை. வேறு யாரோ ஓடினார்கள்.

அப்போது ஈஷிதா என்று ஒரு பெண் கையைத் தூக்கினாள். பதினோராம் வகுப்பு. படம் வரைவதில் கெட்டிக்காரி. போன மாதம் மெழுகுவர்த்தி கொளுத்தியபோது அதிகம் அழுதவளும் அவள்தான்.

"சார், பரிமாற்றம்னா நாங்களும் அந்த அங்கன்வாடி உள்ளே போகலாமா? நாங்க வெளிச்சுவர் மட்டும்தான் பார்த்திருக்கோம். உள்ளே யாருமே பார்த்ததில்ல."

பிரின்சிபால் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறினார். அது மட்டும் முடியாது என்றார். அந்தக் கட்டடம் பாதுகாப்பானதில்லை. எந்த நேரமும் கூரை விழலாம். நம் மாணவர்களில் ஒருவர்கூட அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது பள்ளியின் விதி. ஏதாவது ஆகிவிட்டால் பெற்றோர்களுக்கு யார் பதில் சொல்வது என்றார்.

பேச்சிக்கு அந்த விதி தெரியும். வருஷா வருஷம் அங்கன்வாடி வாசலில் கயிறு கட்டி, "இதைத் தாண்டி யாரும் போகக் கூடாது" என்று சொன்னதே அவள்தான். அப்போது அது அவளுக்கு ஒரு விதியாகத்தான் காதில் விழுந்தது. இப்போது வேறொருவர் வாயிலிருந்து, மைனி நிற்கிற இடத்தில் வைத்துக் கேட்டபோது, அவளுக்குக் காது சுட்டது.

"என்னட்டி சொல்லுதாரு?" என்று கேட்டாள் செல்லக்கனி. "மூஞ்சியெல்லாம் மாறுதே."

பிரின்சிபால் குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தில், பேச்சிக்கு மட்டும் சொன்னார்: அதை அப்படியே சொல்ல வேண்டியதில்லை. நல்லவிதமாக ஏதாவது சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததா?

பேச்சி சீனியம்மாளைப் பார்த்தாள். அவர் குனிந்து டப்பாவுக்குள் குச்சியை விட்டுப் பெயிண்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

நல்லவிதமாகச் சொல்ல பேச்சிக்குத் தெரியும். மூணு வருஷம் ஆங்கில இலக்கியம் படித்து அவள் கற்றுக்கொண்டதே பெரும்பாலும் அதுதான். இவர் சொல்வதை அவர்களுக்கு நோகாமல் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை இவருக்கு உறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இங்கிலாந்தும் அதற்குத்தான்.

"அங்கன்வாடிக் கூரை எப்ப வேணாலும் விழுந்திருமாம் மைனி" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. "அதனால இந்த ஸ்கூல் பிள்ளைங்க ஒருத்தரும் அதுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாதாம். ஏதாவது ஆச்சுன்னா அவங்களப் பெத்தவங்களுக்குப் பதில் சொல்ல முடியாதாம்."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். மகிழன் பெயிண்ட் டப்பாவைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான். செல்லக்கனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள அதுக்குள்ளதான இருக்கான்?"

"ஆமா மைனி."

"அது இவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இன்னும் எத்தன நாளைக்கு இருக்கணும்கிறாரு?"

"மூணு வாரம். படத்தப் பாக்க வெளிநாட்டுல இருந்து ஆளு வாற வரைக்கும்."

செல்லக்கனி பிரின்சிபாலை நேராகப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"அவர்ட்ட ஒண்ணு கேளு. எம்புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரு பதில் சொல்லுவாங்கன்னு கேளு. தமிழ்ல கேட்டா அவருக்குப் புரியாத மாதிரி இருக்கு. அவரு பாஷையிலயே கேளு."

பேச்சி கேட்டாள். அந்தப் பள்ளியில் அதுவரை அவள் பேசிய ஆங்கிலம் எல்லாம் 'யெஸ் சார்', 'ஷ்யூர் சார்' என்றே ஆரம்பித்திருந்தது. இந்த வாக்கியம் அப்படி ஆரம்பிக்கவில்லை. ஒரு சொல் விடாமல், ஒரு சொல் கூட்டாமல், அந்தத் தாய் கேட்டதைக் கேட்டாள். பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

கேமராவோடு வந்தவன் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றான். ஈஷிதா தன் கையிலிருந்த காகித உலகத்தைச் சுருட்டினாள். சுருட்டிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் கேட்ல வச்சுப் பேச வேண்டாம்" என்றார் பிரின்சிபால். அதைத் தமிழில்தான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானமே பேச்சி பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனாள்.

"என்னம்மா, தள்ளிப்போட்டுருவோமா?"

"இல்ல மாமா. திங்கக்கிழமையே இடிங்க."

"ஸ்கூல்ல வருத்தப்படுவாங்களே."

"படட்டும்."

"உனக்கு ஏதோ வெளிநாட்டுப் பயணம்னு உங்கம்மா சொல்லிட்டு இருந்தா."

"இடிங்க மாமா" என்றாள் பேச்சி.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. கூரை அதற்காகவே காத்திருந்த மாதிரி இரண்டாவது இடிக்கே உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் தற்காலிகமாகச் சமுதாயக் கூடத்துக்குப் போனார்கள். மழை புதன்கிழமை பிடித்தது. விட மனசில்லாத மழை.

பேச்சியை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இங்கிலாந்துக்கு வேறொரு ஆசிரியையின் பெயர் போயிற்று. அதைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வீட்டில் அப்பாதான் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா குழாயடிக்கு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டார். எப்போதும் போல உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"நடந்ததை மறந்துடுவோம் மிஸ் எம். எனக்கு உங்க மேல வருத்தம் இல்ல."

"சரி சார்."

"வர்றவங்களுக்கு நாம எதையாவது காட்டியாகணும். ஓடைக்கரைப்பட்டியில ஒரு அங்கன்வாடி இருக்காமே. ரோட்டைப் பார்த்த சுவராம். வெளிச்சம் நல்லா விழுமாம். நீங்க போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்க."

"சரி சார்."

"சுவரை மட்டும் பார்த்தாப் போதும்" என்றார் அவர்.

பேச்சி டீயைக் குடிக்கவில்லை. பள்ளி முடிந்ததும் நேராக மில் மாடிக்கு வந்தாள். குடையை மடக்கக்கூட மறந்துவிட்டாள். கதவில் மாட்டிக்கொண்டது.

"எக்கா, அவங்களுக்கு ஒண்ணுமே உறைக்கல. சுவரத்தான் மாத்துதாங்க."

நடந்ததைச் சொன்னாள். சீனியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க பாட்டுக்கு டப்பாவத் தூக்கிட்டு வந்தீங்க. இப்ப பாருங்க. என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல."

"உங்க தெருப் பிள்ளைங்க எங்க இருக்காங்க இப்போ?"

"சமுதாயக் கூடத்துல."

"மழையில நனையுதாங்களா?"

"இல்ல. அதச் சொல்லலக்கா நான். இங்க ஒரு சுவரு போனா அங்க ஒரு சுவரு. அங்கயும் ஒரு கயிறு கட்டச் சொல்லுவாங்க. அந்தக் கயித்தயும் நாந்தான் கட்டணும். எங்க வீட்டுல எந்தத் தலைமுறையிலயும் ஒருத்தர்கூட காலேஜ் வாசல் மிதிச்சதில்ல. நான் மிதிச்சேன். எதுக்கு? இவங்களுக்கு ஊரு ஊராச் சுவரு தேடிக் குடுக்கவா நான் இம்புட்டுப் படிச்சேன்?"

குரல் உடைந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"இங்கிலாந்து போச்சேன்னு வருத்தமா?"

"வருத்தந்தான். பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி நெனச்சா நெஞ்சு அடைக்கி. ஆனா அதுக்காக மட்டும் கோவமில்ல."

"சரி. என்ன செய்யப் போற?"

"வேலைய விட்டுருதேன். நாளைக்கே போயி மூஞ்சில அடிச்ச மாதிரிச் சொல்லிட்டு வந்துருதேன்."

"விடு."

பேச்சி நிமிர்ந்தாள். வேண்டாம் என்று சொல்லுவார் என எதிர்பார்த்திருந்தாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயாராக வந்திருந்தாள்.

"விட்டா, உன் எடத்துக்கு யாரு வருவா?" என்றார் சீனியம்மாள்.

"டவுன்ல இருந்து யாராவது வருவாங்க. நல்லாப் பேசத் தெரிஞ்சவங்களா."

"நல்லவிதமாப் பேசத் தெரிஞ்சவங்களா?"

பேச்சி கழுத்து அட்டையின் கயிற்றைப் பிடித்து முறுக்கினாள்.

"ஓடைக்கரைப்பட்டியில இங்கிலீஷ் தெரிஞ்சவங்க உண்டா?"

"அங்க பத்தாவது தாண்டுனவங்களே கொறைவுக்கா."

"அங்க அங்கன்வாடிக் கூரை எப்படி இருக்கு?"

"தெரியாது. நான் உள்ள போய்ப் பாத்ததில்ல."

சீனியம்மாள் எழுந்து போய், கதவில் மாட்டிக்கொண்டிருந்த குடையை மடக்கி அவளிடம் நீட்டினார்.

"ஸ்கூல் பிள்ளைங்கள ஏன் உள்ள விடலங்கிறத அந்த ஊருத் தாய்மாருக்கு யாரு சொல்லுவா?"